சேர்மானத்தைக் கேட்கக் கூடாது என்று பலகை மாட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கேரள-தமிழ்நாடு எல்லைச் சாலைகளில் உணவகம் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

உங்களில் பலருடைய கல்லாவுக்கு மேலே அண்மையில் ஓர் அறிவிப்புப் பலகை ஏறியிருக்கிறது. மேலே மலையாளம், கீழே தமிழ். எழுத்தும் நிறமும் கடைக்குக் கடை ஒன்றுபோல் இருப்பதால், கூடிப் பேசி முடிவெடுத்து அடித்தது என்று தெரிகிறது. உங்களில் ஒருவரிடம் கேட்டபோது அவரும் ஆமாம் என்றார். "உணவில் மாற்றம் செய்து தரப்பட மாட்டாது. சேர்மானம் பற்றி ஊழியர்களிடம் கேட்க வேண்டாம்." முதல் வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. கடை உங்களுடையது, அடுப்பு உங்களுடையது. இரண்டாவது வரியை எழுதும் உரிமை உங்களுக்குக் கிடையாது. காசு கொடுத்து வாங்கி வாயில் வைக்கப்போகும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்பதையே அந்த வரி தடுக்கிறது. அதை எடுக்கச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் வீகன். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பனீர், தேன் எதையும் உண்பதில்லை. தோட்டங்களில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் பதிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். காலையில் எருத்தேம்பதியில் ஒரு தென்னந்தோப்பு என்றால் மதியம் பெருமாட்டிப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டம், மாலையில் எல்லை தாண்டி ஆனைமலை. வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாமே என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். பங்குனி வந்துவிட்டால் நம் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. வண்டிப் பெட்டியில் வைத்த தேங்காய் அரைத்த குழம்பு மதியத்துக்கு முன்பே நுரைத்துவிடும். என்னைப் போலத் தோட்டம் தோட்டமாக அலைகிறவர்களுக்கும், லாரி ஓட்டுகிறவர்களுக்கும், எல்லையில் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு உங்கள் இலையில்தான்.

பாலை ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடிக்கடி கேட்பதால். நம் வட்டம் பாலுக்குப் பெயர் பெற்றது. என் உறவினர்களில் பாதிப் பேர் மாடு வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் தூக்குப் பாத்திரத்தோடு சொசைட்டிக்கு நடப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். கிடாரிக் கன்று பிறந்தால் வீட்டில் கேட்கும் சிரிப்பு, காளைக் கன்று பிறந்தால் கேட்காது. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. அங்கிருந்து கேரளத்துக்குள் வரும் லாரிகள் எல்லைச் சாலைகளில், உங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகின்றன. மடி வற்றிய பசுவும் உழவுக்கு வேண்டாத காளையும் எங்கே போகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். மாடு வளர்ப்பவரை நான் குறை சொல்லவில்லை. தீவன விலையையும் கடனையும் சுமப்பவர் அவர். என்னால் இதில் பங்கு கொள்ள முடியவில்லை, விட்டுவிட்டேன். இந்த வாதத்தை உங்கள் கடைக்குள் கொண்டுவந்ததும் இல்லை. பக்கத்து இலையில் தயிர் ஊற்றும்போது முகம் சுளித்ததும் இல்லை.

பலகை ஏறிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். பிற்பகல் மூன்று மணி, கூட்டம் வடிந்திருந்தது. மீல்ஸ் தீர்ந்துவிட்டது, தோசை இருந்தது. "தோசைக்கு நெய்யா, எண்ணெயா?" என்று சப்ளையரிடம் கேட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து சமாளித்துப் பேசுவார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் அடுக்களை வாசல்வரை போய் மாஸ்டரிடம் விசாரித்து வந்து சொல்பவர். அன்று வாயைத் திறக்கவில்லை. கல்லாவைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர் நோட்டுகளை எண்ணுவதை நிறுத்தாமல், "எழுதி வைத்திருப்பதைப் படிக்கவில்லையா? விருப்பம் இருந்தால் சாப்பிடுங்கள்" என்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தோசைக்கல் தெரிந்தது. கல்லின் ஓரத்தில் ஒரே ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் நெய்யும் எண்ணெயும் சேர்த்து உருக்கிய மஞ்சள் கலவை, அதற்குள் ஒரே கரண்டி. நெய் ரோஸ்டுக்கும் அதே கரண்டி, சாதா தோசைக்கும் அதே கரண்டி. எழுந்து வந்து இரண்டு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) வாங்கித் தின்றுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனேன்.

ஒரு வேளை பட்டினி எனக்குப் பெரிதில்லை. அந்த இளைஞருக்குப் பதில் தெரியும், தெரிந்தும் சொல்லக் கூடாது என்று அவருக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள் என்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பால் எதில் இருக்கிறது என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். பொங்கலிலும் கேசரியிலும் நெய் இருப்பது ஊருக்கே தெரியும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன், நான் சொல்வது சரியா என்று உங்கள் மாஸ்டரிடமே கேட்டுப் பாருங்கள். ரவா தோசை மாவைச் சிலர் மோர் விட்டுக் கரைக்கிறார்கள், சிலர் தண்ணீரிலேயே கரைக்கிறார்கள். தேங்காய்ச் சட்னி நீர்த்துப்போனால் ஒரு கரண்டி தயிர் விட்டுக் கெட்டியாக்கும் கடைகள் உண்டு. குருமாவில் முந்திரி விலை ஏறும்போது தயிரோ பாலாடையோ ஏறுகிறது. பரோட்டா மாவில் பால், அசைவக் கடைகளில் பல நேரம் முட்டையும். சப்பாத்தி கல்லிலிருந்து இறங்கியதும் அதன் மேல் நெய். ரசத்துக்குத் தாளிப்பு எண்ணெயிலா நெய்யிலா என்பது அன்றைக்கு அடுப்பில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இலையின் ஓரத்தில் கறுத்து வறுபட்டுக் கிடக்கும் மோர் மிளகாய், மோரில் ஊறி வெயிலில் காய்ந்தது. அவியலில் தயிர் விடுவதா, மாங்காய் போடுவதா, புளி கரைப்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. கடைக்குக் கடையும் மாறுகிறது. இவற்றில் எதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் ஆளிடம் கேட்டால்தான் தெரியும்.

என் ஆதங்கம் இன்னும் பெரிது. பாலைத் தொடாமல் வயிறாரச் சாப்பிடுவதற்கு இந்தப் பாலக்காட்டுக் கணவாய் நாட்டைப் போல வசதியான இடம் குறைவு. இங்கே தென்னை இருக்கிறது, இரண்டு மொழிக்காரர்களின் கைப்பக்குவமும் இருக்கிறது. ஓலனை எடுத்துக்கொள்ளுங்கள். இளவன் என்னும் வெண்பூசணியும் பயறும் வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு, அடுப்பை அணைத்த பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயைச் சுற்றி ஊற்றிக் கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு மூடி வைக்கிறார்கள். மூடியைத் திறக்கும்போது எழும் மணத்துக்கு எந்த நெய்யும் ஈடாகாது. மத்தன் (பரங்கிக்காய்) எரிசேரியில் வறுத்த தேங்காய், கூட்டுக்கறியில் கடலையும் சேனையும், பிறகு தோரன், புளியிஞ்சி, சர்க்கரைவரட்டி. காலையில் புட்டும் கடலைக்கறியும், அல்லது அப்பமும் தேங்காய்ப்பால் இஷ்டுவும். தோட்டத்து வேலைக்காரர்களுக்குக் கஞ்சியும் பயறும், மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். கொங்குப் பக்கத்திலிருந்து வந்தவை வேறு: கொள்ளு ரசம், வத்தக்குழம்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. இவற்றுக்கெல்லாம் பால் வேண்டியதில்லை. எங்கள் பாட்டிமார் வீகன் என்ற பேச்சையே கேட்காமல் இவற்றைச் சமைத்தார்கள்.

எலப்புள்ளிப் பக்கத்து ராமசேரி இட்லியைப் பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த தமிழ் முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுடுவது. மண்பானை வாயில் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவு ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவே நிற்பதுபோல் தட்டையாக வரும். கூடவே மிளகாய்ப் பொடி, அதைக் குழைக்கத் தேங்காய் எண்ணெய். எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பால் இல்லை என்று யாரும் குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நெய்தான் தரம் என்று எப்போது முடிவு செய்தோம்? ஓலன் மேலும் நெய் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அடைப் பிரதமன் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் ஆனது. அதில் போடும் தேங்காய்க் கொத்தை நெய்யில் வறுத்துக் கொட்டிவிடுகிறீர்கள். சாம்பார் வாளியைப் பந்திக்கு எடுத்துப் போகும் முன் ஒரு கரண்டி நெய்யை மேலாக விட்டால் பளபளப்பாக இருக்கும் என்று யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வாளியில் விழுந்த நெய்யைத் திரும்ப எடுக்க முடியாது. அதே நெய்யை இலையில், சோற்றின் மேல், கேட்டுவிட்டு ஊற்றினால் வேண்டியவருக்கும் கிடைக்கும், வேண்டாதவரும் சாப்பிட்டுவிட்டுப் போவார். மீல்ஸ் விலையில் தயிர், மோர், நெய், பாயசம் நான்கையும் நான் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணமும் கொடுக்கிறேன். ஒரு கரண்டி தோரன் கூடுதலாகக் கேட்டால் அதற்குத் தனி பில் வருகிறது. அதைப் பற்றி இதுவரை நான் வாய் திறந்ததில்லை. இன்றும் அது இரண்டாம்பட்சம்.

மாற்றம் செய்து தர முடியாது என்கிறீர்கள். நாள் முழுவதும் நீங்கள் மாற்றம் செய்துதானே தருகிறீர்கள்? சர்க்கரை இல்லாத காபி, வெங்காயம் போடாத ஊத்தப்பம், காரம் குறைத்த சட்னி, எண்ணெய் விடாத தோசை. கார்த்திகை பிறந்து வாளையார் வழியாக மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால் அசைவக் கடைகளே தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று மாறிக்கொள்கின்றன. தை பிறக்கும்வரை அவர்களுக்காக மாஸ்டரையே தனியாக வைக்கும் கடைகளை நான் அறிவேன். அது வியாபாரம் மட்டும் இல்லை, அந்த விரதத்துக்கு நீங்கள் காட்டும் மரியாதையும் கூட. அந்த மரியாதையில் ஒரு பங்கைத்தான் நான் கேட்கிறேன்.

கேட்பவன் நான் ஒருவன் என்று தள்ளிவிடாதீர்கள். சிரியன் கிறிஸ்தவர்களில் பெரிய நோன்பைக் கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் விலக்குகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரங்களில் உங்கள் கடையில் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த பிறகு பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் அவதிப்படுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். பேருந்துப் பயணத்தில் அவர்களுக்கு அது எத்தகைய சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகள். இது செரிமானக் கோளாறு அல்ல. பாலிலுள்ள புரதத்தை உடம்பு பகையாக எடுத்துக்கொள்கிறது. தோல் தடிக்கும், வாந்தி வரும், சிலருக்கு மூச்சே அடைத்துக்கொள்ளும். இந்தச் சாலையில் ஒரு கடையில், அடுத்த மேசையில் ஒரு தாய், மடியில் நான்கு வயதுபோல் ஒரு பெண் குழந்தை. "பரோட்டா மாவில் பால் சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "சுத்த சைவம்தான், பயப்படாமல் கொடுங்கள்" என்று பதில் வந்தது. அவர் மறுபடி, "சைவம் என்று தெரியும். பால் இருக்கிறதா?" என்றார். கேட்கப்பட்டவர் பலகையைக் காட்டினார். அந்தத் தாய் பையிலிருந்து வீட்டில் செய்த அவல் டப்பாவை எடுத்துக் குழந்தைக்கு ஊட்டினார். தானும் எதுவும் வாங்கவில்லை. அவர் கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தெரிந்தவர். பயப்படாதீர்கள் என்ற சொல்லை நம்பிக் கொடுத்துவிடும் தாயின் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் உங்கள் பலகை யாரைக் காப்பாற்றும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் மற்றும் காட்சிப்படுத்தல் விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்தும் உணவகங்களும் ஒவ்வாமை தரக்கூடிய சேர்மானங்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாலும் முட்டையும் இருக்கின்றன. உங்களில் பெரும்பாலோர் ஒரே கடை வைத்திருப்பவர்கள், ஆகவே அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தான் வாங்கும் பொருளின் தரத்தையும் தூய்மையையும் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை எல்லா நுகர்வோருக்கும் தந்திருக்கிறது. கடை சின்னதா பெரியதா என்று அது பார்ப்பதில்லை. பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியை எனக்குச் சுட்டிக்காட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் விதிகளின்படி பாலும் தேனும் சேர்ந்தாலும் அந்தப் பச்சைப் புள்ளியைப் போடலாம். பாலும் தேனும் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவுக்கு 2022இல் தனி விதிகளே வந்துவிட்டன. 'வி' எழுத்தும் இலையும் கொண்ட பச்சைச் சின்னம் அதற்கென்றே இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்று அரசு ஏற்றுக்கொண்டு ஆண்டுகள் ஆகின்றன.

உங்கள் பக்கத்தையும் கேட்டேன். ஒரு வாடிக்கையாளர் எண்ணெய் தோசை கேட்டு, நெய் வந்துவிட்டது என்று கடைக்குள் சத்தம் போட்டு, அதை அலைபேசியில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் இந்த முடிவு என்று உங்களில் ஒருவர் சொன்னார். அவர் செய்தது முறையற்ற செயல். தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் ஒருவரை ஒரு தோசைக்காக அவமானப்படுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். மதியம் ஒரு மணிக் கூட்டத்தில் ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்கம் சொல்ல ஆள் இல்லை என்பதும் புரிகிறது. அடுக்களையில் நிற்பவர்கள் ஒரு மொழி, பரிமாறுபவர்கள் ஒரு மொழி, உண்பவர்கள் இரண்டு மொழி. மாஸ்டர் மாதத்துக்கு ஒருவராக மாறினால் ருசியையே காப்பாற்றப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஆனால் தவறான பதில் ஒன்று சிக்கலாகிவிட்டது என்பதற்காகப் பதிலே சொல்ல மாட்டோம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சரியான பதில் சொல்ல ஓர் ஏற்பாடு செய்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த ஏற்பாட்டுக்குப் பெரிய செலவும் இல்லை என்பதால்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

முதலாவதாக, பலகையின் இரண்டாவது வரியை எடுங்கள். எல்லாக் கடைகளிலும், இரண்டு மொழியிலும். ஊழியர்களிடம், கேட்டால் தெரிந்ததைச் சொல்லலாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். பலகையைக் கழற்றினாலும் நீங்கள் வாய்ச்சொல்லால் அனுமதி தராதவரை அவர்கள் பயந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஒவ்வொரு நாளும் மாஸ்டர் சமையலை முடித்ததும், பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், முட்டை இவற்றில் எது எந்த உணவில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு சிலேட்டில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். உணவின் பெயர், அதற்கு எதிரே சேர்ந்த பொருள், அவ்வளவுதான். மொழி தெரியாத சப்ளையரும் அதைக் கையால் சுட்டிக்காட்டிவிடலாம். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு மாதிரிப் பட்டியலை நானே எழுதி அச்சடித்து, கேட்கும் கடைகளுக்கு என் செலவில் தருகிறேன். இதைச் சீட்டுப்போல வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, சட்டப்படி சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை, 'வீகன்' என்று எங்கும் எழுத வேண்டியதும் இல்லை.

தோசைக்கல்லின் பக்கத்தில் எண்ணெய்க்கு ஒரு கிண்ணமும் கரண்டியும், நெய்க்கு வேறு கிண்ணமும் கரண்டியும் வையுங்கள். இரண்டையும் கலந்து வைக்கும் வழக்கத்தை விடுங்கள். சாம்பார், ரசம், கூட்டு, ஓலன், தோரன் இவற்றின் வாளியில் நெய் விடாமல், நெய்யைப் பந்தியில் கேட்டு ஊற்றுங்கள். தயிரும் பாயசமும் வேண்டாம் என்பவருக்கு ஒரு கரண்டி தோரனோ கூட்டுக்கறியோ அதே விலைக்குள் தர முடியுமா என்று கூடிப் பேசிப் பாருங்கள். இது நிபந்தனை அல்ல, விண்ணப்பம்.

ஒன்றில் என்ன சேர்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள். நான் வேறொன்றைக் கேட்டுக்கொள்வேன். யாராவது ஒவ்வாமை என்று சொன்னால் அந்தக் கேள்வி சப்ளையரோடு நிற்கக் கூடாது. மாஸ்டரோ உரிமையாளரோ மேசைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். "சுத்த சைவம்" என்ற பதிலை அந்த இடத்தில் யாரும் சொல்லக் கூடாது.

அடுத்து நீங்கள் கூடும்போது இந்த மடலை வாசித்துப் பேசுங்கள். என்னையும், ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோரில் ஓரிருவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அரை மணி நேரம் போதும். என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதை அதே கல்லாவுக்கு மேலே, அதே இரண்டு மொழிகளில் எழுதி மாட்டுங்கள். இரண்டாவது வரியை நீக்க முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது. அங்கே போகாமலே இது முடிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்